அலியா... டைசனா? ஒரு ‘பஞ்ச்’ டூர்!

பிராட்மேன் இன்னிக்கு ஐ.பி.எல். ஆடினா எத்தனை கோடிக்கு ஏலம் போவார்? பீலேவும் மெஸ்ஸியும் ஒரே டீமில் இருந்தா யார் யாருக்கு பாஸ் கொடுப்பாங்க? இந்த ‘இருந்தா... நடந்தா...’ கேள்வியெல்லாம் எங்கே பொறக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஹாஸ்டல் மெஸ்! தட்டில் சாம்பார் ஆறிப் போயிருக்கும், விவாதம் மட்டும் கொதிச்சுக்கிட்டே இருக்கும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் தாத்தா ஒண்ணு இருக்கு பாஸ். “முகமது அலியும் மைக் டைசனும் மோதினா யார் ஜெயிப்பா?”

கிரிக்கெட்டில் ஆவரேஜைக் காட்டிக் கொஞ்சம் மழுப்பலாம். ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் அது நடக்காது. ரெண்டு பேர், ஒரு ரிங். கடைசியில் கையைத் தூக்கப்போறது ஒருத்தர்தான். அலி கடைசியா சண்டை போட்டது 1981 டிசம்பரில். டைசன் புரொஃபஷனலா முதல் சண்டை போட்டது 1985 மார்ச்சில். மூணே கால் வருஷத்தில் மிஸ் ஆன மேட்ச் இது!

ஆனா ஒரு விஷயம். இந்த மாதிரி கற்பனை மேட்ச்சை நிஜமாவே நடத்திப் பார்த்த ஊர்கள் இருக்கு. ஒரு காலத்தின் ராஜாவும் அடுத்த காலத்தின் ராஜாவும் ஒரே ரிங்கில் ஏறின ஊர்கள். இந்த வாரம் அங்கெல்லாம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க. விசா வேணாம், ஃப்ளைட் டிக்கெட் வேணாம். போனில் மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டாப் போதும். டூர் முடியும்போது அலி-டைசன் கேள்விக்கு என் பதிலையும் சொல்லிடறேன்.

ஸ்டாப் 1: ரீனோ, 1910

அமெரிக்காவின் நெவாடா மாநிலம். சியரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கு ரீனோ. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 4,500 அடி உயரம். நம்ம ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் கம்மி. அதுக்காகக் குளுகுளுன்னு நினைச்சுடாதீங்க. இது பாலைவன ஊர், ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கும். ஊரின் கிழக்கே நாலாவது தெருவில் ஒரு நினைவுப் பலகை இருக்கு. அங்கே நில்லுங்க.

ஜாக் ஜான்சன் 1908 டிசம்பரில் சிட்னியில் பட்டம் ஜெயித்து, உலகின் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அமெரிக்க வெள்ளையர்களில் நிறைய பேருக்கு அது தொண்டையில் சிக்கின முள். உடனே ஒரு ‘இருந்தா...’ கேள்வி கிளம்பியது. “ஜிம் ஜெஃப்ரிஸ் மட்டும் இருந்திருந்தா?” ஜெஃப்ரிஸ் 1905-ல் தோல்வியே பார்க்காமல் ஓய்வு பெற்ற வெள்ளைக்கார சாம்பியன். கலிஃபோர்னியாவில் விவசாயம் பார்த்துக்கொண்டு, உடம்பு பெருத்துப்போய் உட்கார்ந்திருந்தவர். எழுத்தாளர் ஜாக் லண்டன் உட்பட பலர் பத்திரிகைகளில் அவரைக் கூப்பிட்டார்கள். “வா, வந்து அந்தச் சிரிப்பை அடக்கு” என்பதுதான் சாரம்.

ஜெஃப்ரிஸ் சுமார் 45 கிலோ எடையைக் குறைத்து வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்க இருந்த சண்டைக்குக் கலிஃபோர்னியா கவர்னர் தடை போட, கடைசி நேரத்தில் ரீனோவில் மரப்பலகை அரங்கம் எழும்பியது. போட்டியை நடத்திய டெக்ஸ் ரிக்கார்டே நடுவரும்! திட்டமிட்ட ரவுண்டுகள் எத்தனை தெரியுமா? 45. இன்னிக்கு உலகப் பட்டத்துக்கே 12 ரவுண்டுதான்.

1910 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். 32 வயது ஜான்சன், 35 வயது ஜெஃப்ரிஸை அவசரமே படாமல் அடித்தார். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே அடித்தார். அதுவரை தரையில் விழுந்தே பழக்கமில்லாத ஜெஃப்ரிஸ், 15-வது ரவுண்டில் திரும்பத் திரும்ப விழுந்தார். அவருடைய ஆட்களே சண்டையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

கதை அங்கே முடியலை. அன்று ராத்திரி பல நகரங்களில் கலவரம். உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சண்டையின் படத்தைத் திரையிட ஊர் ஊராகத் தடை வந்தது. 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாது என்று சட்டம் போட்டது அமெரிக்க நாடாளுமன்றம்.

“என் உச்சத்தில்கூட ஜான்சனை நான் ஜெயித்திருக்க முடியாது” என்ற அர்த்தத்தில் பிறகு ஜெஃப்ரிஸே சொன்னதாகப் பதிவாகியிருக்கு. ஒரு கற்பனை மேட்ச்சுக்கு, தோற்றவர் வாயாலேயே வந்த தீர்ப்பு! முதல் ஸ்டாப்பில் நாம குறிச்சுக்கவேண்டியது இதுதான்: ‘யார் பெரியவன்’ங்கிற கேள்விக்குள்ளே சில சமயம் வேற ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கும். ரீனோவில் ஒளிஞ்சிருந்தது நிறம்.

ஸ்டாப் 2: நியூயார்க், 1951

மேப்பில் மன்ஹாட்டனுக்கு வாங்க. எட்டாவது அவென்யூ, 49-வது தெருவுக்கும் 50-வது தெருவுக்கும் நடுவில். இப்போ அங்கே வேர்ல்ட்வைட் பிளாசா என்ற உயரமான கட்டடம் நிக்குது. 1925-ல் இருந்து 1968 வரை அந்த இடத்தில்தான் பழைய மேடிசன் ஸ்கொயர் கார்டன் இருந்தது. இப்போ இருக்கிற கார்டன் தெற்கே கொஞ்ச தூரம் தள்ளி, பென் ஸ்டேஷனுக்கு மேலே.

ஜோ லூயிஸ் 1937-ல் இருந்து 1949 வரை சாம்பியன். 25 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். இரண்டாம் உலகப்போர் சமயம் ராணுவத்தில் சேர்ந்தார். 1942-ல் ரெண்டு சண்டைகளின் பரிசுப் பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கே கொடுத்தார். அப்படிப்பட்டவரை வருமான வரிப் பாக்கி துரத்தியது. ஓய்வை ரத்து செய்துவிட்டு மறுபடி கையுறை மாட்டினார்.

எதிரில் ராக்கி மார்சியானோ. மாசசூசெட்ஸில் செருப்புத் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன பிராக்டன் ஊர்க்காரர். அப்பா அங்கே ஷூ ஃபேக்டரி தொழிலாளி. மார்சியானோவுக்கு லூயிஸ்தான் ஹீரோ.

1951 அக்டோபர் 26. லூயிஸுக்கு 37 வயது, மார்சியானோவுக்கு 28. எட்டாவது ரவுண்டில் மார்சியானோவின் அடியில் லூயிஸ் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். கூட்டம் அமைதியாகிவிட்டது. ஜெயித்த மார்சியானோ, டிரெஸ்ஸிங் ரூமில் லூயிஸைப் பார்த்து அழுதார்.

இப்போ ‘லூயிஸா மார்சியானோவா’ன்னு கேட்டா, ரெக்கார்டு புத்தகம் “மார்சியானோ”ன்னு ஒரே வார்த்தையில் சொல்லிடும். ஆனா 1938-ல் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கை ஒரே ரவுண்டில் முடிச்ச லூயிஸ் அன்னிக்கு ரிங்கில் இருந்தாரா? இல்லை. நிஜமா நடந்த மேட்ச்சே நம்ம கேள்விக்குப் பதில் சொல்லலை பாருங்க!

ஸ்டாப் 3: மியாமி, 1969

நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கப்போற ஸ்டாப் இது. ஏன்னா, இங்கே சண்டை போட்டது ஒரு கம்ப்யூட்டர்!

முதல்ல மியாமி பீச்சில் ஐந்தாவது தெருவும் வாஷிங்டன் அவென்யூவும் சந்திக்கிற மூலைக்கு வந்துடுங்க. 1950-ல் கிறிஸ் டண்டீ ஆரம்பிச்ச ஃபிஃப்த் ஸ்ட்ரீட் ஜிம் இங்கேதான் இருந்தது. மாடியில் இருந்த அந்தப் பழைய ஜிம்மில்தான் கிறிஸ்ஸின் தம்பி ஆஞ்சலோ டண்டீ, கேஷியஸ் கிளே என்ற பையனை முகமது அலியாக உருவேற்றினார். கிளே தங்கியிருந்தது தண்ணீருக்கு அந்தப் பக்கம், கறுப்பின மக்களின் ஓவர்டவுனில். அங்கிருந்து கடல் பாலத்தின் மேல ஓடியே ஜிம்முக்கு வருவார். கறுப்புப் பையன் மியாமி பீச் பக்கம் ஓடிவருவதைப் பார்த்துப் போலீஸ் நிறுத்தி விசாரித்த கதையெல்லாம் உண்டு. பழைய கட்டடத்தை 1993-ல் இடிச்சுட்டாங்க. 2010-ல் அதே பேரில் புது ஜிம் வந்தது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். மரி வொரோனர் என்பவர் மியாமி ரேடியோ தயாரிப்பாளர். 1967-ல் அவருக்கு ஒரு ஐடியா. 16 முன்னாள், இந்நாள் சாம்பியன்களின் விவரங்களை என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டரில் ஏற்றி, யாரோடு யார் மோதினால் என்ன ஆகும் என்று ஓடவிட்டார். வேகம், குத்தின் பலம், வாங்கித் தாங்கும் சக்தி, தோல் எளிதில் கிழியுமா, நெஞ்சுரம் எவ்வளவு... எல்லாவற்றுக்கும் மார்க். அந்த மார்க்கைப் போட்டவர்கள் குத்துச்சண்டை நிருபர்களும் நிபுணர்களும். வந்த ரிசல்ட்டை ரேடியோவில் நேரடி வர்ணனை மாதிரி ஒலிபரப்பினார்கள். ஃபைனலில் ஜாக் டெம்ப்சியை 13-வது ரவுண்டில் வீழ்த்தி மார்சியானோ ‘எல்லாக் காலத்துக்குமான சாம்பியன்’ ஆனார்.

அலி? காலிறுதியில் காலி! தோற்கடிச்சது யாருன்னு நினைக்கறீங்க? ரீனோவில் பார்த்தோமே, அதே ஜிம் ஜெஃப்ரிஸ்! அலிக்கு வந்ததே கோபம். ஒரு மில்லியன் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்கு போட்டார். வழக்கு சமாதானத்தில் முடிந்தது. 10,000 டாலர் வாங்கிக்கொண்டு, மார்சியானோவோடு ஒரு கற்பனைச் சண்டையில் நடிக்க ஒப்புக்கொண்டார் அலி.

உலக சாம்பியன் எதுக்கு 10,000 டாலருக்கு நடிக்கணும்? இங்கேதான் பாஸ் விஷயமே இருக்கு. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில், வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பை அலி மறுத்தார். பட்டம் பறிபோனது. லைசென்ஸ் போனது, பாஸ்போர்ட் போனது. அப்போ அவருக்கு வயசு 25. நிஜ ரிங்கில் ஏற முடியாத ஆளுக்குக் கிடைச்சது ஒரு டூப்ளிகேட் ரிங்.

1969-ல் மியாமியில் ஒரு ஸ்டுடியோ. சுற்றிக் கறுப்புத் திரை, ரசிகர்கள் கிடையாது. 45 வயது மார்சியானோ இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். இருவரும் சுமார் எழுபது ஒரு நிமிட ரவுண்டுகள் ஆடினார்கள். சாயம் ரத்தமானது. பலவிதமான முடிவுகளைப் படம் பிடித்தார்கள். எந்த முடிவு வரும் என்பது நடித்த இருவருக்கும் தெரியாது.

மார்சியானோவுக்குக் கடைசி வரை தெரியவே இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று அயோவாவில் விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள்.

1970 ஜனவரி 20. சுமார் 1,500 தியேட்டர்களில் படம் ஓடியது. 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட்டில் ஜெயித்தார். “அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததா இருக்கும்” என்று அலி அடித்த ஜோக் பிரபலம். நிறவெறிக்குப் பேர் போன மாநிலம் அலபாமா. சிரிப்பு என்னன்னா, ஐரோப்பாவில் சில இடங்களில் காட்டின பிரதியில் மார்சியானோவின் முகம் கிழிந்து, அலி ஜெயித்தார். ஆடியன்ஸுக்குத் தகுந்த மாதிரி கிளைமாக்ஸ்!

நாம லேபில் தினமும் பார்க்கிறதுதானே இது? மெஷின் பொய் சொல்லாது, உண்மையும் சொல்லாது. உள்ளே போட்ட மார்க்தான் வெளியே வரும். விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? ‘நெஞ்சுரம்: பத்துக்கு எத்தனை?’ன்னு ஒரு காலம் போட்டு, அதில் அலிக்கு ஒரு நிருபர் மார்க் போடறார். ஹூஸ்டனில் அந்த ஒரு நாள் அலி காட்டின தைரியத்தை எந்தக் காலத்தில் ஏத்துவீங்க?

அலி திரும்பி வந்தது 1970 அக்டோபர் 26, அட்லாண்டாவில். மூணு வருஷம் ஏழு மாசம் போயே போச்சு. நம்ம பி.இ. கோர்ஸ் கிட்டத்தட்ட அவ்வளவு நாள்தான். ஒரு குத்துச்சண்டை வீரனின் 25-ல் இருந்து 28 வயது வரைக்குமான காலம் அது. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனையை ரத்து செய்தது. வருஷத்தை மட்டும் எந்தக் கோர்ட்டாலயும் திருப்பிக் கொடுக்க முடியலை.

ஸ்டாப் 4: சென்னை, 1980

நிஜமாவே உங்களால் போக முடியற ஸ்டாப் இது. சென்ட்ரலில் இறங்கினா நடக்கிற தூரம். பெரியமேடு, நேரு ஸ்டேடியம். இப்போ நீங்க பார்க்கிறது 1993-ல் புதுசாக் கட்டினது. அதுக்கு முன்னாடி அங்கே இருந்த பழைய ஸ்டேடியத்தில், 1980-ன் தொடக்கத்தில் முகமது அலி கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். முதல்வர் எம்.ஜி.ஆர். காலத்து மெட்ராஸ், அதுவும் ‘வாத்தியார்’ பேரைக் கேட்டாலே குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கிற வடசென்னை பக்கத்திலேயே இருக்கு... கொண்டாட்டத்துக்குக் கேட்கணுமா?

அன்னிக்குக் காட்சிப் போட்டியில் அலியோடு ஆடினவர் ஜிம்மி எல்லிஸ். இந்தப் பேரை அடிக்கோடு போட்டுக்கங்க. அலிக்கும் எல்லிஸுக்கும் ஒரே ஊர், கென்டக்கியின் லூயிவில். சின்ன வயசு நண்பர்கள், ஒரே டண்டீயிடம் பயிற்சி. அலியிடம் இருந்து பட்டத்தைப் பறித்த பிறகு, காலியான இடத்தை நிரப்ப டபிள்யூ.பி.ஏ. அமைப்பு ஒரு தகுதிச் சுற்று நடத்தியது. 1968 ஏப்ரலில் அதை ஜெயித்துச் சாம்பியன் ஆனவர் இதே எல்லிஸ்தான்! அதாவது, அலி காணாமல்போன வருஷங்களின் சாம்பியன். 1971 ஜூலையில் ஹூஸ்டனில் ரெண்டு பேரும் நிஜமாகவே மோதினார்கள். 12-வது ரவுண்டில் அலி ஜெயித்தார்.

அடுத்த தடவை அந்த ஸ்டேடியம் வாசலில் பஸ்ஸுக்கு நிக்கும்போது நினைச்சுப் பாருங்க. 1968-ல் நடந்திருக்க வேண்டிய ஒரு மேட்ச்சோட ஜாலியான, வயசான நகல் நம்ம ஊரில் நடந்திருக்கு.

இந்தக் கதை இங்கேயே சுபம் போட்டு முடிஞ்சிருக்கலாம். முடியலை. அதே வருஷம் அக்டோபரில் அலி மறுபடி நிஜ ரிங்கில் ஏறினார். அந்த ஊர்தான் அடுத்த ஸ்டாப்.

ஸ்டாப் 5: லாஸ் வேகாஸ், 1980

சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு தற்காலிக அரங்கம். எதிராளி லாரி ஹோம்ஸ், 30 வயது, உலக சாம்பியன். 1970-களில் அலியின் பயிற்சி முகாமில், அவரோடு ஸ்பாரிங் செய்து சம்பளம் வாங்கியவர். அலிக்கு 38.

அலி எடையைக் குறைத்து, நரையை மறைத்து, பழைய அலி மாதிரியே வந்து நின்றார். பார்க்க மட்டும்தான் பழைய அலி. தைராய்டு மாத்திரையும் எடைக் குறைப்பும் உடம்பை உறிஞ்சியிருந்தன. ஹோம்ஸ் அடித்தார். பிறகு அடிக்கத் தயங்கினார். நடுவரைப் பார்த்தார். 10-வது ரவுண்டு முடிந்ததும் ஆஞ்சலோ டண்டீ “போதும்” என்று நிறுத்திவிட்டார். அலியின் வாழ்க்கையிலேயே இடையில் நிறுத்தப்பட்டுத் தோற்ற ஒரே சண்டை அது. ஜெயித்த ஹோம்ஸும் அழுதார். 1951-ல் மார்சியானோ அழுத மாதிரியே!

இதே சீசர்ஸ் பேலஸில் 1982 நவம்பரில் லைட்வெயிட் சண்டை ஒன்று நடந்தது. தென் கொரியாவின் கிம் டுக்-கூ 14-வது ரவுண்டில் விழுந்தார், சில நாட்களில் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டில் இருந்து 12 ரவுண்டாகப் படிப்படியாகக் குறைந்தன. கற்பனை மேட்ச் போடறவங்க இதை மறக்கவே கூடாது. கடைசி மூணு ரவுண்டில் தலையெழுத்து மாறின சண்டைகள் ஏகப்பட்டது. 1952-ல் மார்சியானோ பட்டம் ஜெயித்ததே 13-வது ரவுண்டில்தான். அதுவரை பாயின்ட்டில் அவர் பின்தங்கியிருந்தார். 12 ரவுண்டு ரூலில் அவருடைய 49-0 ரெக்கார்டே கிடையாது!

ஸ்டாப் 6: அட்லான்டிக் சிட்டி, 1988

நியூஜெர்ஸி கடற்கரை. அலைக்குப் பக்கத்தில் நீளமான மரப்பலகை நடைபாதை. அதையொட்டி 1929-ல் திறந்த பிரமாண்டமான கன்வென்ஷன் ஹால், இன்றைக்கு போர்டுவாக் ஹால். உள்ளே 33,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ராட்சத ஆர்கன் இருக்கு.

அலி ஹோம்ஸிடம் தோற்ற சமயம், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் ஊரில் ஒரு 14 வயதுப் பையன் இருந்தான். அவனுடைய குரு கஸ் டமாட்டோ அலிக்கு போன் போட்டுக் கொடுத்தார். “நான் பெரியவனானதும் உங்களுக்காக ஹோம்ஸை அடிப்பேன்” என்று சொன்னதாக அந்தப் பையன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பையன் பெயர் மைக் டைசன்.

1988 ஜனவரி 22. டைசனுக்கு 21, ஹோம்ஸுக்கு 38. ரிங்கருகே அலி! நாலாவது ரவுண்டில் கதை முடிந்தது. 75 சண்டைகள் போட்ட ஹோம்ஸ் நாக்-அவுட்டில் தோற்றது இந்த ஒருமுறைதான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அலிக்கு எந்த வயசோ, அதே வயசு இப்போ ஹோம்ஸுக்கு.

டைசனுக்கும் அந்த நாள் வந்தது. 2024 நவம்பர் 15, டெக்சாஸில் உள்ள ஆர்லிங்டன். யூடியூப்பில் இருந்து வந்த ஜேக் பாலுக்கு 27 வயது, டைசனுக்கு 58. பெரிய கையுறை, ரெண்டு நிமிட ரவுண்டு, அப்படி எட்டு ரவுண்டு. பாயின்ட்டில் டைசன் தோற்றார். லூயிஸ், மார்சியானோ, அலி, ஹோம்ஸ், டைசன், ஜேக் பால்... ரிலே ரேஸ் மாதிரி ஒரு சங்கிலி! நடுவில் மார்சியானோ-அலி கண்ணியை மட்டும் கம்ப்யூட்டர் கோத்தது. மற்ற எல்லாத்திலும் ஜெயிச்சது ஒரே சாம்பியன். பேர்: காலம்.

மறுபடி வேகாஸ், 1994

ஒரே ஒரு விதிவிலக்கு. அதையும் பார்த்துட்டுப் போயிடலாம்.

1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்தவர் ஜார்ஜ் ஃபோர்மன். இருபது வருஷம் கழித்து, 1994 நவம்பர் 5 அன்று, எம்.ஜி.எம். கிராண்டில் ரிங் ஏறினார். வயது 45. எதிரில் 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரர். ஃபோர்மன் போட்டிருந்தது கின்ஷாசாவில் போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசர்! அவருடைய மூலையில் நின்றது? கின்ஷாசாவில் அலிக்காக நின்ற அதே ஆஞ்சலோ டண்டீ!

ஒன்பது ரவுண்டும் அடி வாங்கி, பாயின்ட்டில் பின்தங்கி... 10-வது ரவுண்டில் ஒரு வலது கைக் குத்து. மூரர் மல்லாந்தார். ஃபோர்மன் மூலையில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார். ஹெவிவெயிட் வரலாற்றிலேயே வயதான சாம்பியன். 2025 மார்ச்சில் அவர் மறைந்தபோது உலகம் முதலில் நினைத்துப் பார்த்தது இந்த ஒரு குத்தைத்தான். காலமும் எப்பவாவது பாயின்ட்டை விட்டுக்கொடுக்கும் போல!

சரி, அலியா டைசனா?

முதல்ல ஒரு ஆட்சேபணை வரும். “இன்னிக்கு ஆளுங்க மலை மாதிரி இருக்காங்க பாஸ், பழைய ஆளுங்க தாங்குவாங்களா?” நியாயம்தான். மார்சியானோ சுமார் 84 கிலோ. இப்போ 90.7 கிலோ வரைக்கும் குரூசர்வெயிட். அதாவது, மார்சியானோ இன்னிக்கு வந்தா ஹெவிவெயிட்டே கிடையாது. டைசன் ஃப்யூரியின் உயரம் 6 அடி 9 அங்குலம். ஆனா குரூசர்வெயிட்டில் இருந்து மேலே வந்த உக்ரைனின் உசிக், தன்னைவிடச் சுமார் 17 கிலோ கூடுதல் எடை இருந்த அதே ஃப்யூரியை 2024 மே மாசம் ரியாத்தில் ஜெயிச்சார். டிசம்பரில் மறுபடியும் ஜெயிச்சார். எடை எல்லாத்தையும் தீர்மானிக்கறதில்லை.

இனி என் தீர்ப்பு. 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூணே ரவுண்டில் முடிச்ச அலியை எடுத்துக்கறேன். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடிச்ச டைசனை எடுத்துக்கறேன். முதல் நாலு ரவுண்டு அலி ரசிகர்கள் நகத்தைக் கடிச்சுக்கிட்டுத்தான் பார்க்கணும். ஏன்னா, அலியை 1963-ல் ஹென்றி கூப்பரும், 1971-ல் ஜோ ஃப்ரேஸியரும் இடது கை ஹூக்கில்தான் தரையில் உட்கார வெச்சாங்க. டைசனின் இடது ஹூக் பத்திச் சொல்லவே வேணாம். ஆனா 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் காட்டினது என்ன? பயப்படாம நின்னு, நீளமான கையால் ஜாப் போட்டுக்கிட்டே இருந்தா, ரவுண்டு ஏற ஏற டைசன் இறங்குவார். ஆறு ரவுண்டு தாண்டிட்டா மேட்ச் அலிக்கு. 15 ரவுண்டு ரூல்னா, பதினொண்ணு பன்னிரண்டில் நடுவரே நிறுத்திடுவார். என் ஓட்டு அலிக்குத்தான்.

அந்த ரெண்டு பேருமே ஒரு பதில் சொல்லியிருக்காங்க. 1989-ல் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டைசன் அடிச்சா என்ன ஆகும்னு பேச்சு வந்தது. மயங்கி விழுவது மாதிரி நடிச்சுக் காட்டினார் அலி. டைசனோ, இந்த இடத்தில் எல்லாத் தலையும் குனியத்தான் வேணும், இவர்தான் எல்லாரிலும் பெரியவர் என்ற மாதிரி சொல்லி முடிச்சார். மெஸ்ஸில் நாம சண்டை போடறோம், அவங்க ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துட்டுப் போயிட்டாங்க!

ஆனா மியாமியில் இருந்து என்னோடயே வர்ற ஒரு கேள்வி இருக்கு. நான் ஏன் 1966 அலியை எடுத்தேன்? 1968 அலி, 1969 அலி எங்கே? 26, 27 வயசு அலி இன்னும் எவ்வளவு வேகமா, எவ்வளவு பலமா இருந்திருப்பார்? அந்த அலியை ரிங்கில் யாருமே பார்க்கலை. ஸ்டுடியோவில், கறுப்புத் திரைக்கு நடுவில், விக் வெச்ச ஒருத்தரோடு நடிச்சுக்கிட்டு இருந்தார் அவர். டைசன் டைம் மெஷின் ஏறி வந்தாக்கூட, அந்த மூணு வருஷத்தில் அலியோடு மோத முடியாது. லைசென்ஸ் கிடையாதே!

நிஜத்தில் மோத விட்டப்போ எல்லாம் ஒருத்தர் தளர்ந்துபோய்த்தான் வந்தார். கற்பனையில் மட்டும்தான் ரெண்டு பேரும் உச்சத்தில் வர முடியும். ரெண்டு பேருக்கும் நாம கொடுக்கிற மரியாதை அது. அதனால மெஸ்ஸில் சண்டையை நிறுத்தாதீங்க. ஆனா மேட்ச் போடறதுக்கு முன்னாடி கீழே இருக்கிற ஐந்தையும் பேசி முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க.

மேட்ச் ஃபிக்ஸ் பண்ணறீங்களா? (இது நல்ல ஃபிக்ஸிங்!)

1. எந்த வருஷத்து ஆள்? ‘அலி’ன்னு மட்டும் சொன்னா செல்லாது. 1966-ஆ, 1974-ஆ, 1980-ஆ?

2. எத்தனை ரவுண்டு? 45-ஆ, 15-ஆ, 12-ஆ?

3. யார் ரூல்? ஜாக் டெம்ப்சி காலத்தில் விழுந்தவன் தலைக்கு மேலேயே நின்னு, எழுந்திரிச்ச உடனே அடிக்கலாம். அடிச்சவர் நடுநிலை மூலைக்குப் போகலைன்னா எண்ணிக்கை ஆரம்பிக்காதுன்னு ரூல் வந்த பிறகு, 1927-ல் சிகாகோவில் டெம்ப்சியே அதில் மாட்டிக்கிட்டார்.

4. எந்த ஊர்? ரீனோ வெயிலா, ஏ.சி. போட்ட வேகாஸா?

5. கடைசியா, நீங்க அந்த ஆளை ஜெயிக்க வைக்கறது ஏன்? அவர் குத்துக்காகவா, அவர் உங்க ஆள்ங்கறதுக்காகவா? ரீனோவை ஒரு தடவை நினைச்சுட்டு பதில் சொல்லுங்க.

ஐந்துக்கும் பதில் இருந்தா மணி அடிச்சுடலாம். டிங்!